ஆமிஷ் உழவர் நாட்டிலே தூண் நாட்டிக் கட்டும் வீடு

வீடு கட்டப் புகுவோர் முதற்கண் அத்திவாரம் வெட்டுவர். நாற்புறமும் வாய்க்கால்போல நிலத்தை அகழ்ந்து, கல்லும் சீமெந்தும் இட்டு நிரப்பி, அதன்மேற் சுவரெழுப்பி, அச்சுவரின்மேற் கூரையை ஏற்றுவது நாமெல்லாம் அறிந்த முறை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்ரர் மாவட்டத்திலும், ஒஹாயோ மாநிலத்து ஹோம்ஸ் மாவட்டத்திலும், இந்தியானா மாநிலத்தின் வடபகுதியிலும் பயணஞ் செய்வோர் வேறொரு முறையையும் காண்பர். அங்கே தொடர்ந்து செல்லும் அத்திவாரம் இல்லை. எட்டு அடிக்கு ஒன்றாகத் தூண்கள் நிலத்திலே நாட்டப்படுகின்றன. கூரையைத் தாங்குவது தூணே. சுவர் வெறும் போர்வை. தூண்சட்டக் கட்டடம் எனத் தமிழிற் கூறத்தக்க இம்முறை மாட்டுக் கொட்டிலுக்கும் வைக்கோற் சாலைக்குமெனப் பிறந்தது. இன்று மனிதர் குடியிருக்கும் வீடாகவும் வளர்ந்துள்ளது. நேயர்களே, அதனைப் பற்றியே இப்பேச்சு.

இந்த வீட்டைக் கட்டும் கைகள் பெரும்பாலும் ஆமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினரின் கைகள். ஆகவே அவர்களைப் பற்றிச் சிறிது கூறிவிட்டு மேலே செல்வோம். 1693ஆம் ஆண்டில், சுவிற்சலாந்திலும் அதனை அடுத்த அல்சேசு நாட்டிலும் வாழ்ந்த மெனனைற்றுச் சபையாரிடையே ஒரு பிளவு நேர்ந்தது. கடுமையான ஒழுங்கை வேண்டி நின்றவர்களின் தலைவர் யாக்கோப் அம்மான். அம்மான் என்பது அவருடைய குடும்பப் பெயர். நம்முடைய தாய்மாமன் முறையன்று. அவர் பெயராலேயே அவரைப் பின்பற்றியோர் ஆமிஷ் எனப்பட்டனர். தாய்நாட்டிற் பட்ட இன்னல்களால் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து அவர்கள், சமயப் பொறை நிலவிய பென்சில்வேனியாவை நாடிக் கடல் கடந்தனர். ஐரோப்பாவில் இன்று ஆமிஷ் சபை ஒன்றுமில்லை. வட அமெரிக்காவிலோ 2024ஆம் ஆண்டளவில் அவர்கள் தொகை நான்கு இலட்சத்தை அணுகிவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் இருமடங்காகின்றனர். குடும்பத்துக்கு ஆறு ஏழு பிள்ளைகள் பிறப்பதும், அப்பிள்ளைகளிற் பெரும்பாலார் சபையை விட்டு நீங்காமையுமே காரணம்.

வீட்டிலே ஒருவகை ஜேர்மன் வழக்கு மொழியைப் பேசுவர். பாடசாலையில் ஆங்கிலம் கற்பர். மோட்டார் வண்டியைச் சொந்தமாக வைத்திரார்; குதிரை வண்டியிற் செல்வர். ஊர் மின்கம்பியோடு தம் வீட்டை இணைத்துக் கொள்ளார். தம் சபையைச் சாராத எல்லாரையும் ‘ஆங்கிலேயர்’ என்றே அழைப்பர். அவ்வழக்கின்படி நோக்கினால் நீங்களும் நானுங்கூட ஆங்கிலேயரே!

இத்தகையோர் எங்ஙனம் கட்டட ஒப்பந்தகாரர் ஆயினர்? விடை நிலத்தில் இருக்கின்றது. லங்காஸ்ரர் மண் சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த வளமான மண். நகரம் பரவப் பரவ அந்நிலத்தின் விலை ஏறியது, பிள்ளைகளோ பலர். ஒருவன் தன் ஆறு மைந்தர்க்கும் பண்ணை வாங்கிக் கொடுப்பது இயலாத காரியமாயிற்று. அம்மாவட்டத்து ஆமிஷ் குடும்பத் தலைவருட் பாதிக்கும் குறைவானோரே இன்று உழவினால் வாழ்கின்றனர். ஏனையோர் தச்சு, தளபாடம், கூரை வேலை, இரும்பு வேலை என்பவற்றுக்குப் போயினர். கொட்டில் கட்டத் தெரியாத உழவன் அவர்களிடையே இல்லை. அத்தொழிலே பலர்க்குப் பிழைப்பாயிற்று. உழவர் நிலத்தை இழந்ததனாலேயே ஊரெங்கும் வீடு கட்டும் தச்சர் கூட்டம் தோன்றியது என்பதை மறந்து, அவர்தம் கைத்திறனை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

அவர்களுடைய பழைய கொட்டில் வேறு வகை. சரிவான நிலத்திலே கீழ்த்தளத்தைக் கல்லாற் கட்டி, அதன்மேற் பெரிய ஓக்கு மரங்களைத் துளையும் கழுந்துமாகப் பொருத்தி, இரும்பாணியின்றி மரமுளையால் இறுக்குவர். சட்டத்தை ஒரே நாளில் நிமிர்த்த நூற்றுக்கணக்கான அயலவர் கூடுவர். பெண்கள் உணவு சமைப்பர். தீப்பட்டு அழிந்த கொட்டிலை மீளக் கட்டுதற்கு இன்றும் இவ்வாறு கூடுகின்றனர். ஆனால் பெருமரங்கள் அருகின. கூலியும் நேரமும் எண்ணப்படும் காலம் வந்தது. 1930ஆம் ஆண்டுகளில் மிசூரி மாநிலத்திலே ஹவார்ட் டோன் என்னும் வேளாண்மை அறிஞரும், அவருடைய பண்ணை முகாமையாளராகிய பேர்னன் பேர்க்கின்ஸ் என்பவரும், மருந்தூட்டிய கம்பங்களை நிலத்திற் புதைத்து அவற்றின்மேற் கூரையிடும் எளிய முறையை உருவாக்கினர். 1953இல் பேர்க்கின்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதே பத்தாண்டில் புளோரிடா மாநிலத்திலே, பல் முளைத்த இரும்புத் தகட்டை இருபுறமும் அழுத்தி மரத்துண்டுகளை இணைத்து முக்கோணக் கூரைச் சட்டம் செய்யும் உபாயம் தோன்றியது. இவ்விரண்டும் சேர்ந்த பின்னர் நாலைந்து பேர் கொண்ட சிறு கூட்டமே பெரிய கட்டடத்தைச் சில நாட்களில் நிமிர்த்தி விடலாயிற்று.

இனி, கட்டும் விதம். மனையைச் சமப்படுத்திக் கயிறு கட்டி, தூண் வரும் இடங்களைக் குறிப்பர். இயந்திரத் துரப்பணத்தினால் ஒவ்வோர் இடத்திலும் நான்கு அடி அல்லது அதனினும் ஆழமாகக் குழி தோண்டுவர். இவ்வாழம் வெறும் வழக்கமன்று. அந்நாட்டுக் குளிர்காலத்தில் நிலம் ஏறக்குறைய மூன்று அடிவரை உறையக்கூடும். உறையும் மண் கீழிருந்து நீரை உறிஞ்சிப் பனிக்கட்டிப் படலங்களாகத் திரட்டும். அப்படலங்கள் பருத்து, மேலுள்ள எதனையும் தூக்கும். தூணின் அடி உறைமட்டத்துக்குக் கீழே நில்லாவிடின் ஆண்டுதோறும் வீடு சிறிது சிறிதாக உயர்ந்து தாழும். கதவு பொருந்தாது, சுவர் வெடிக்கும். லங்காஸ்ரரில் வேறொரு தொல்லையும் உண்டு. சுண்ணாம்புக் கல் நீரிற் கரைவதனால் நிலத்தடியில் வெறுவெளி உண்டாகி, மேல்மண் திடீரென உள்வாங்குவதுண்டு. ஆகவே குழியில் வந்த மண்ணை ஆராயாமற் கொங்கிறீற்றைக் கொட்டுபவன் நல்ல கட்டுநன் அல்லன்.

குழியின் அடியிற் கொங்கிறீற்றுத் தட்டு ஒன்று வேண்டும். ஏன் என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். வீடு 40 அடி அகலம் என்றும், தூண்கள் 8 அடி இடைவெளியில் நிற்கின்றன என்றும் கொள்வோம். கூரையிலே படியும் பனியின் பாரத்தைச் சதுர அடிக்கு 30 இறாத்தல் எனக் கணக்கிட்டால், அந்த 8 அடிப் பகுதியின் பரப்பு 320 சதுர அடி. பாரம் 9,600 இறாத்தல். இருபுறமும் ஒவ்வொரு தூண் பகிர்ந்து தாங்கும்போது ஒரு தூணுக்கு 4,800 இறாத்தல். கூரையின் சொந்தப் பாரத்தையும் சேர்த்தால் 6,000 இறாத்தல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறங்குலத் தூணின் அடிப்பரப்போ கால் சதுர அடிகூட இல்லை. சதுர அடிக்கு 2,000 இறாத்தல் தாங்கும் மண்ணிலே இத்தூணை வெறுமனே நிறுத்தினால் அது தைக்கும் ஊசிபோல இறங்கிவிடும். இரண்டு அடி விட்டமுள்ள வட்டத் தட்டு மூன்று சதுர அடிக்குச் சற்று மேற்பட்ட பரப்புடையது. அது அப்பாரத்தை மண் தாங்கும் அளவுக்குப் பரப்பி விடுகின்றது.

கீழ்நோக்கிய பாரத்தை எல்லாரும் நினைப்பர். மேல்நோக்கிய விசையை நினைப்போர் சிலரே. பெருங்காற்று வீசும்போது அகன்ற கூரை பறவையின் சிறகுபோலாகின்றது. கல்வீடு தன் பாரத்தினாலேயே இருந்துவிடும். மரமும் தகரமுமான இவ்வீடு பாரமற்றது. ஆதலின் தூணின் கீழ்ப்பாகத்திலே குறுக்குக் கட்டை அறைந்தோ, இரும்புக் கம்பி செருகிச் சுற்றிலும் கொங்கிறீற்று வார்த்தோ, தூண் மண்ணைப் பற்றிக்கொள்ளச் செய்வர். கூரைச் சட்டத்தைத் தூணின் தலையிலே வெட்டிய படியில் இருத்தி முடுக்காணியால் இறுக்குவர். தூணோடு தூணைப் படுகிடையாக இணைக்கும் சிலாகைகளைச் சுவரிலும், அவ்வாறே கூரையிலும் அறைந்து, அவற்றின்மேல் மூன்றடி அகலமுள்ள உருக்குத் தகடுகளைத் திருகாணியாற் பொருத்துவர். இத்தகடு மழையைத் தடுப்பதோடு அமையாது. நன்றாகத் திருகப்பட்ட தகட்டுப் பரப்பு முழுவதும் ஒரே பலகைபோல நின்று, கட்டடம் காற்றிற் சாய்ந்து கோணாமற் காக்கின்றது. திருகாணி ஒவ்வொன்றின் கீழும் இறப்பர் வளையம் உண்டு. அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் வளையம் பிதுங்கிக் கிழியும். குறைய முறுக்கினால் நீர் புகும். ஆயிரக்கணக்கான திருகாணிகளை அளவறிந்து முறுக்குவதிலேதான் தேர்ந்த தொழிலாளியின் கை தெரியும்.

இனி யாவரும் கேட்கும் வினா: மண்ணிற் புதைந்த மரம் உக்காதா? உக்கும். வேலிக்குத் தூண் நாட்டிய எவரும் அறிவர், அது ஆழத்தில் உக்குவதில்லை. மண்ணும் காற்றும் சந்திக்கும் மட்டத்திலேதான் உக்குகின்றது. பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் அங்கேதான் ஒருங்கே கிடைக்கின்றன. இதற்கு மாற்று, மரத்தைப் பெரிய இரும்பு உருளையில் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, மருந்து நீரை அமுக்கத்தோடு ஊட்டுதல். 1838இல் ஜோன் பெதெல் என்னும் ஆங்கிலேயர் (இவர் மெய்யாகவே ஆங்கிலேயர்) கீல் எண்ணெயை இவ்வாறு ஊட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உலகெங்கும் பரவிய மருந்து நமக்கு அண்மையிலே பிறந்தது. 1933ஆம் ஆண்டில், தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றிய சொண்டி காமேசன் என்னும் இந்திய விஞ்ஞானி, செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகிய மூன்றின் உப்புக்களைக் கலந்து ஒரு மருந்தைக் கண்டார். செம்பு பூஞ்சணத்தைக் கொல்லும். ஆசனிக்கு பூச்சியையும், செம்புக்கு அஞ்சாத பூஞ்சணத்தையும் தடுக்கும். குரோமியம் அவ்விரண்டையும் மரநாரோடு பிணைத்து மழையிற் கழுவுண்ணாமற் செய்யும். அமெரிக்கப் பண்ணைகளிற் பச்சை நிறமேறி நிற்கும் தூண்களிற் பெரும்பாலானவற்றுள் இந்தத் தேராதூன் மருந்தே ஊறியிருக்கின்றது. இதனை அங்குள்ள உழவரே அறிவாரோ என்னவோ!

ஆசனிக்கு நஞ்சாதலின், 2003ஆம் ஆண்டின் முடிவோடு பெரும்பாலான குடிமனைப் பயன்பாடுகளுக்கு இம்மருந்தூட்டிய மரத்தை ஆக்குவது அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாகச் செம்பு மிகுந்த வேறு மருந்துகள் வந்தன. அவற்றுக்கும் ஒரு குறையுண்டு: மிகுந்த செம்பு இரும்பை அரிக்கும். ஆகவே மருந்தூட்டிய மரத்திலே அறையும் ஆணி உருகிய நாகத்தில் தோய்த்து எடுக்கப்பட்டதாகவோ கறையில் உருக்காகவோ இருத்தல் வேண்டும். மேலும், மருந்தூட்டிய மரமெல்லாம் ஒரு தரமல்ல. மரத்தின் நுனியில் அறைந்துள்ள சிறு சீட்டிலே அதன் வகை குறிக்கப்பட்டிருக்கும். கட்டடத்தைத் தாங்கி மண்ணில் நிற்கும் தூணுக்கு ‘4 பீ’ என்னும் வகையேனும் வேண்டும். முற்றத்து மேடைக்கு விற்கும் மரம் போதாது. வீடென்று வந்தால் மரத்தை மண்ணிற் புதையாது விடுவாரும் பலர். கொங்கிறீற்றுத் தூணைத் தரைமட்டத்துக்கு மேல்வரை வார்த்து, அதிற் பதித்த இரும்புப் பிடியிலே மரத்தூணை நிறுத்துவர். என் மதியில் குடியிருக்கும் வீட்டுக்கு இதுவே தக்கது. கொட்டிலில் ஒரு தூண் உக்கினால் வெட்டி மாற்றலாம். அலுமாரியும் சுவர்ப் பூச்சும் குளியலறையும் சூழ்ந்த தூணை மாற்றுவது பெரும்பாடு.

கொட்டிலை வீடாக்கும்போது எழும் மெய்யான இடர் ஈரம். உருக்குத் தகடு வெளியிலே பனிபோற் குளிர்ந்திருக்கும். உள்ளே சமையல், சலவை, மனிதரின் மூச்சு ஆகியவற்றால் வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று. அது தகட்டைத் தொட்டால் நீராகித் துளிக்கும். மாட்டுக்கு அது பொருட்டன்று. வீட்டிலோ பஞ்சுறை நனைந்து மரம் பழுதாகும். ஆதலின் தூண்களிடையே தடித்த வெப்பக் காப்பு நிரப்பி, அதன் உட்புறத்திலே ஈரம் ஊடுருவாத படலம் விரித்து, கூரையின் கீழ்க் காற்று ஓடுவதற்கு வழியும் விடவேண்டும். நிலத்திலே நாலங்குலக் கொங்கிறீற்றுத் தளம், அதன் கீழ் நீர் ஏறாத விரிப்பு, ஓரத்திலே குளிரைத் தடுக்கும் காப்புப் பலகை. இவையெல்லாம் சேரும்போது, தூண்சட்ட வீடு பாதி விலைக்கு முடியுமென்று சொல்லுவோர் கூற்று மெய்யாகாமை புலப்படும். அத்திவாரத்திலும் சட்டத்திலும் மிச்சம் உண்டு. குழாய், அடுப்படி, கதவு, வண்ணம் என்பவற்றில் மிச்சம் ஒன்றுமில்லை.

இங்கே கூறவேண்டிய மற்றொன்றுண்டு. ஆமிஷ் குடும்பங்கள் தாம் வாழும் வீட்டைப் பெரும்பாலும் நிலக்கீழறையோடு பழைய வழியிலேயே கட்டிக்கொள்கின்றன. பழமும் காய்கறியும் புட்டியிலிட்டுச் சேமிக்க அவ்வறை வேண்டும். தூண்சட்ட வீட்டை விரும்புவோர் பெரும்பாலும் அயலிலுள்ள ‘ஆங்கிலேயர்’. ஆனால் ஆமிஷ் பட்டறைகள் பல தூண்சட்டத்தாலேயே ஆனவை. அவர்களுக்குக் கோயிற் கட்டடம் இல்லை. ஒன்றுவிட்டொரு ஞாயிறன்று முறைவைத்து ஒருவர் மனையிலே வழிபாடு நிகழும். இருபத்தைந்து முதல் நாற்பது குடும்பங்கள் ஓரிடத்தில் அமர நடுத்தூண் இல்லாத மண்டபம் வேண்டும். முக்கோணச் சட்டக் கூரை அதனை எளிதில் தருகின்றது. தச்சுமேசைகளை ஓரமாக்கி, வண்டியில் வந்த வாங்குகளை அடுக்கினாற் பட்டறையே ஆலயம்.

சட்டத்துக்கும் இவர்களுக்கும் இடையே உரசல் நேர்ந்ததும் உண்டு. பென்சில்வேனியாவின் கட்டட விதிக்கோவை வேளாண்மைக் கட்டடங்களை விலக்கியிருக்கின்றது. ஆகவே கொட்டிலுக்குக் கணக்கு வேண்டியதில்லை. அதே சட்டம் வீடாயின், பனிக்கும் காற்றுக்கும் அது தாங்குமெனப் பொறியியலாளர் ஒருவர் வரைபடத்திற் கையொப்பமிட வேண்டி வருவது வழக்கம். மின்சார விதிகளிலிருந்து சமய நம்பிக்கையின் பொருட்டு விலக்குக் கேட்க அங்கே இடமுண்டு. அவ்வீடு பின்னர் வெளியாருக்கு விற்கப்படுமாயின் விதிக்கு இணங்கத் திருத்துதல் வேண்டும். நியூயோர்க் மாநிலத்து மொரிஸ்ரவுண் என்னும் ஊரிலே, புகை அறிவிக்கும் கருவியும் அனுமதிப் பத்திரமும் கொள்ள மறுத்த மிகப் பழைமை பேணும் ஆமிஷ் குடும்பத்தார் மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவர்கள் 2009இல் கூட்டாட்சி நீதிமன்றை நாடினர். கடவுளே காவல், கருவி அன்று என்பது அவர்கள் வாதம். உறங்கும் குழந்தைக்குத் தெரிவு இல்லையே என்பது மறுதரப்பு. இரண்டையும் எளிதில் தள்ள என்னால் இயலவில்லை.

பொறியியலாளரைப் பற்றிக் கூறினேன். ஆமிஷ் மக்களுட் பொறியியலாளர் இலர். எட்டாம் வகுப்போடு அவர்தம் பள்ளிப் படிப்பு முடிகின்றது. 1972ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்துக்கும் யோடர் என்பவருக்கும் இடையிலான வழக்கிலே, அதற்குமேற் பள்ளிக்கு அனுப்புமாறு அப்பெற்றோரை வற்புறுத்தல் ஆகாதென அமெரிக்க உயர் நீதிமன்று தீர்த்தது. 2004இல் வந்த ஒரு சட்டத் திருத்தம், பதினான்கு வயது நிரம்பிய அவர்தம் பிள்ளைகள், இயந்திரங்களைத் தாமே இயக்காது, பெரியோர் மேற்பார்வையில் மரத்தொழிற் பட்டறைகளில் வேலை செய்ய இடமளித்தது. பதினாறு வயதிலே கூரைச் சரிவைக் கண்ணாலளந்து கோணம் பிழையாது வெட்டும் இளைஞனைக் கண்டு வியக்கலாம். ஆனால் மேலே நான் காட்டிய பாரக் கணக்கை மேற்கொண்டு செய்யும் வாயில் அவனுக்கு அடைக்கப்பட்டிருக்கின்றது. தன் கையாற் கட்டும் கூரை நிற்குமா என்பதை அயலான் ஒருவன் கையொப்பமிட்டே சொல்ல வேண்டியிருக்கின்றது. வகுப்பறையிலே வாழ்நாளைச் செலவிட்ட எனக்கு அத்தீர்ப்பு முழு மனநிறைவைத் தருவதில்லை.

கட்டுவிக்க விரும்பும் அயலவர் அறியவேண்டியன சில. ஞாயிற்றுக்கிழமை வேலை நடவாது. கார்த்திகை மாதத்திலே திருமணங்கள் மலிவதால் லங்காஸ்ரர்ப் பகுதியில் வேலை தாமதிப்பதுண்டு. தொழிலாளரை ஏற்றிவர ‘ஆங்கிலேய’ச் சாரதி ஒருவர் வண்டியோடு வருவார். ஊர் மின்கம்பி விலக்கானாலும், மின்கலத்தாலும் அமுக்கிய காற்றாலும் இயங்கும் கருவிகள் பல சபைகளில் ஏற்கப்பட்டவை. சொல்லிலே நாணயமுடையவர் என்னும் பெயர் அவர்களுக்குண்டு. ஆயினும் தூணின் ஆழம், மரத்தின் வகை, தகட்டின் தடிப்பு என்பவற்றை எழுத்தில் வாங்கிக் கொள்வதனால் அந்த நாணயத்துக்கு இழுக்கொன்றும் வராது. குழியை மண்ணால் மூடுமுன்னர் சென்று பார்த்தலும் நன்று. மூடிய பின்னர் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

வேலை முடிந்ததும் வீட்டைச் சுற்றி முதற் பத்தடியில் ஆறங்குலமேனும் மண் வெளிநோக்கிச் சரியவேண்டும். கூரைநீரைப் பீலியால் ஏற்று அப்பால் விடவேண்டும். மருந்தூட்டிய தூணுக்கும் நீர் பகையே. பிற்காலத்தில் வீட்டை நீட்டவேண்டின் கடைச்சுவரின் தகட்டைக் கழற்றி, எட்டடிக்கு ஒரு தூணாக மேலும் நாட்டிச் செல்லலாம். ஆமிஷ் பெற்றோர் முதுமையிற் பண்ணையை மைந்தனிடம் ஒப்புவித்துப் பெரிய வீட்டை ஒட்டிய சிறு வீட்டுக்கு மாறுவர். ‘பாட்டன் வீடு’ எனப் பொருள்படும் பெயரால் அதனை அழைப்பர். ஒரு பண்ணையிலே அத்தகைய வீடுகள் இரண்டு மூன்று, ஒன்றோடொன்று ஒட்டியபடி நிற்பதும் உண்டு.